பிஷப்புக்கு ஊசி, நெரிடாவுக்கு மாத்திரை

ஆஸ்திரேலியக் கரைக்குத் தெற்கே கடலில் கிடக்கும் எங்கள் கிங் தீவில் நெரிடாவைப் பார்க்க வேண்டுமென்றால் வீட்டுக் கதவைத் தட்டிப் பிரயோஜனமில்லை. லாயத்துக்குப் போக வேண்டும். அங்கே இல்லையென்றால் பின்னால் இருக்கும் பயிற்சிப் பாதைக்குப் போக வேண்டும். அங்கேயும் இல்லையென்றால்தான் கவலைப்பட வேண்டும். அறுபத்தொரு வயது, ஒட்ட வெட்டிய நரைமுடி, இடுப்பில் எப்போதும் ஒரு குளம்புக் கத்தி, யாரைக் கண்டாலும் பாதி வசவும் பாதிச் சிரிப்புமாக ஒரு வரவேற்பு. குதிரை ரேக்ளா ஓட்டுகிறவள். இரண்டு சக்கரத்துக்கு நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இருக்கை இருக்குமே, அதில் பதினாலு வயதில் ஏறி உட்கார்ந்தாள். ஐம்பத்திரண்டாவது வயதில் இறங்க வேண்டி வந்தது. இறக்கிவிட்டது அவளுடைய மூத்திரப்பை.

இதைச் சொல்ல நான் கூச்சப்படப் போவதில்லை. நெரிடாவே பட்டதில்லை, எனக்கென்ன வந்தது? அடிவயிற்றில் யாரோ நெருப்புக் கங்கு வைத்துவிட்டுப் போன மாதிரி எரியும். போய்விட்டு வந்தால் சற்றுத் தணியும். பத்து நிமிஷத்தில் மறுபடி ஆரம்பிக்கும். நாளுக்கு இருபது தடவை, இருபத்தைந்து தடவை. கிருமி என்று மருந்து கொடுத்தார்கள், கிருமி இல்லை. கல் என்று தேடினார்கள், கல்லும் இல்லை. "மனசுல ஏதாவது கவலை..." என்று இழுத்த ஒரு டாக்டரிடம், "இருக்கு. உன்கிட்ட வந்து மாட்டிக்கிட்டேனேங்கிற கவலை" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். நாலு வருஷம் இப்படி அலைந்தபின், மெல்போர்னில் ஒரு நிபுணர் உள்ளே குழாய் விட்டுப் பார்த்து, பையின் உள்தோல் புண்பட்டுக் கிடக்கிறது, இது நாள்பட்ட வலி நோய், உங்கள் கற்பனை இல்லை என்றார். 'கற்பனை இல்லை' என்ற வார்த்தையைக் கேட்டதும் நெரிடா அழுதாள் என்பான் லிண்ட்ஸி. அவள் இல்லவே இல்லை என்பாள்.

லிண்ட்ஸி அவள் புருஷன். புயலடித்த மறுநாள் கரையில் ஒதுங்கும் தடித்த கடல்பாசியை லாரியில் இழுத்துப் போட்டு, கம்பிகளில் தொங்கவிட்டுக் காயவைத்து விற்கிறவன். ஒரு நாளில் அவன் பேசும் வார்த்தைகளை இரண்டு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். வலி உச்சத்தில் இருந்த அந்தக் காலத்தில், பயிற்சிப் பாதையின் பின்வளைவில் அவன் ஒரு தகரக் கக்கூஸ் கட்டினான். வீட்டுக்கு ரொம்பத் தூரமான இடம் அதுதான். யாரையும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் காலையில் அது அங்கே இருந்தது, அவ்வளவுதான். ஆனாலும் அந்த இருக்கையின் குலுக்கலை அவளால் தாங்க முடியவில்லை. ரேக்ளா இரண்டு வருஷம் சுவரில் சாய்ந்து கிடந்தது.

நிபுணர் எழுதிக் கொடுத்தது ஒரு வெள்ளை மாத்திரை. நாளுக்கு மூன்று. வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் தண்ணீரோடு. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால், இல்லாவிட்டால் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. எங்கள் தீவில் வந்து வெறும் வயிற்றோடு இருந்து பாருங்கள்! எந்த வீட்டு வாசலில் நின்றாலும் கெட்டில் கொதிக்கும், தட்டில் கேக் வரும், வேண்டாம் என்றால் "ஏன், என் கேக்குக்கு என்ன கொறச்சல்?" என்று முகம் தொங்கிப்போகும். நெரிடா இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். தன் வயிற்றை நம்பாமல் குதிரை வயிற்றை நம்பினாள். லாயத்தில் தீனி வைக்கும் மூன்று வேளையும் பிசகவே பிசகாது. தொட்டியில் ஓட்ஸ் விழும் சத்தம் கேட்டதும் இவளும் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொள்வாள். அப்புறம் ஒன்றரை மணி நேரம் யார் எதை நீட்டினாலும், "நான் தீனி தின்னாச்சு, போ" என்பாள்.

முதல் மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை. மெதுவாகத்தான் பிடிக்கும், பாதியில் விட்டுவிடாதீர்கள் என்று நிபுணர் சொல்லியிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தாள். ஐந்தாவது மாதம் ஒருநாள், லாயத்தில் சாணி வாரிக்கொண்டிருந்தவளுக்கு திடீரென்று உறைத்தது. வேலைக்கு வந்து இரண்டு மணி நேரமாகிறது. ஒரு தடவைகூடப் போகவில்லை. மண்வெட்டியைக் கீழே போட்டாள்.

"லிண்ட்ஸீ! நான் போகவே இல்ல!"

"எங்க?"

"ஒண்ணுக்குத்தான், வேற எங்க!"

அடுத்த பண்ணையில் பால் கறந்துகொண்டிருந்தவர்களுக்கும் அது கேட்டது. அந்த வாரமே ரேக்ளா சுவரைவிட்டு வந்தது. தகரக் கக்கூஸை லிண்ட்ஸி லாரியில் ஏற்றிக் கோழிப் பட்டியில் கொண்டுபோய் வைத்தான். கோழிகளுக்கு அதைப் பிடித்துப்போய் அதிலேயே முட்டையிட ஆரம்பித்தன. ஏழு வருஷமாக அந்த வீட்டு முட்டையெல்லாம் கக்கூஸ் முட்டைதான். தீவில் யாரும் முகம் சுளித்ததில்லை.

இனி பிஷப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். கரும்பழுப்பு உடம்பு, தொண்டைக்குக் கீழே பாதிரியார் கழுத்துப்பட்டி மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு, அதனால் அந்தப் பெயர். குணத்தில் பாதிரித்தனம் கொஞ்சமும் கிடையாது. பக்கத்தில் நிற்பவர் சட்டைப் பையில் வாயை விட்டு ஆப்பிளைத் திருடுவான். அவனுக்கு ஐந்து வயதில் முன்னங்கால் முட்டி பிடித்துக்கொண்டது. தீவின் கால்நடை டாக்டர் பிப் வந்து ஊசி போட்டாள். வாரத்துக்கு ஒன்றாக நாலு வாரம். பிப்பும் நெரிடாவும் இருபது வருஷச் சிநேகிதிகள். ஊசிக் குப்பியில் இருந்த மருந்தின் பெயரைப் பார்த்துவிட்டு, ஜன்னலில் கிடந்த நெரிடாவின் மாத்திரை டப்பாவையும் பார்த்துவிட்டு, பிப் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அடியே, இது உன் மருந்துதான்டி! அதே பேரு. அவனுக்கு முட்டிக்கு, உனக்கு மூத்திரத்துக்கு."

"அப்ப நாங்க ரெண்டு பேரும் ஒரே மருந்துக் குடும்பம்னு சொல்லு" என்று நெரிடா குதிரையின் காதைப் பிடித்து இழுத்து முத்தம் கொடுத்தாள்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. குதிரைக்காரர்களுக்கு ஒரு திமிர் உண்டு, எனக்குத் தெரியும், நானும் அந்தக் கூட்டத்தில் வளர்ந்தவன். ஒரு மருந்தைக் குதிரைக்குப் போட்டுப் பார்த்துவிட்டால் அதைப் பற்றி உலகத்தில் வேறு யாரும் நமக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொள்வோம். நிபுணர் ஆரம்பத்திலேயே நெரிடாவிடம் சொல்லியிருந்தார்: இந்த மருந்து இரத்தத்தைக் கொஞ்சம் இளக்கும், பல் பிடுங்கினாலும் அறுவை செய்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஆஸ்பிரின் மாதிரி வலி மாத்திரைகளைக் கேட்காமல் போடாதீர்கள். சிலருக்கு வருஷக்கணக்கில் சாப்பிடும்போது கண்ணின் பின்திரையில் கறை படிகிறது, அதனால் ஆரம்பிக்கும் முன்னால் ஒரு தடவை, அப்புறம் வருஷாவருஷம் கண்ணைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். முதல் படத்தை நெரிடா எடுத்தாள். மறு வருஷம் விமானத்துக்குப் பதிவு செய்ய வேண்டிய நேரத்தில்தான் பிஷப் ஊசி போட்டுக்கொண்டு துள்ளிக்கொண்டு ஓடினான்.

"இவன் கண்ணை எவன் படம் எடுத்தான்? கல்லு மாதிரி இருக்கான்ல?" என்றாள். அதோடு சரி.

தீவுக்கு டாக்டர்கள் வருவார்கள், போவார்கள். ஒவ்வொருவரும் மாத்திரை எழுதும்போது, "கண்ணைக் காட்டினீங்களா?" என்று கேட்டார்கள். "காட்டினேன்" என்பாள். பொய் இல்லை, காட்டினாள்தான். ஒரே ஒரு தடவை. இரண்டு வருஷம் முன்னால் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டபோதும் வாயைத் திறக்கவில்லை. அதாவது பல்லுக்குத் திறந்தாள், மருந்தைப் பற்றிச் சொல்லத் திறக்கவில்லை. சாயங்காலம்வரை இரத்தம் நிற்காமல் துண்டுக்கு மேல் துண்டாக நனைந்தது. "பல்லு டாக்டர் கைராசி" என்று அவர் தலையில் பழியைப் போட்டாள்.

போன வருஷக் கடைசியில் இன்னொன்று தொடங்கியது. வெயிலிலிருந்து லாயத்துக்குள் நுழைந்தால் இருட்டு சட்டென்று விலகுவதில்லை. மற்றவர்கள் கண் பழகி வேலையை ஆரம்பித்த பிறகும் இவள் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். தீனி மூட்டையில் அச்சடித்த எழுத்து நடுவில் மட்டும் கலைந்து தெரியும். "என்ன பல்பு வாங்கிட்டு வந்தே, மெழுகுவத்தி மாதிரி" என்று லிண்ட்ஸியை ஏசினாள். அவன் பல்பை மாற்றினான். மறுபடி ஏசினாள், மறுபடி மாற்றினான். மூன்றாவது பல்பை மாற்றிவிட்டு ஏணியிலிருந்து இறங்கியவன் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

அவளுக்குத் தெரியாமலில்லை. தெரிந்ததால்தான் போகவில்லை. போனால் கண்ணில் கறை என்பார்கள், மாத்திரையைப் பிடுங்கிக்கொள்வார்கள், கங்கு திரும்பி வரும், அந்த இருக்கை போய்விடும். போகாவிட்டால் கண் போகும், அப்போதும் இருக்கை போய்விடும். இரண்டு பக்கமும் பள்ளம். பிஷப்புக்குப் பதினோரு வயது. டிசம்பரில் வரும் எங்கள் கோடைப் பந்தயம்தான் அவனுக்குக் கடைசி. அதை மட்டும் ஓட்டிவிடுகிறேன், அப்புறம் பார்க்கலாம் என்று மனதுக்குள் பேரம் பேசிக்கொண்டிருந்தாள் அந்தப் பைத்தியக்காரி.

ஆகஸ்டில் வந்த புது டாக்டர் ஏமாறுகிற ஆள் இல்லை. "காட்டினேன்" என்றதும், "எப்ப?" என்றார்.

"முன்னாடி."

"எவ்வளவு முன்னாடி?"

நெரிடா ஜன்னலைப் பார்த்தாள்.

"இந்த ஒரு மாசத்துக்கு எழுதறேன். கண் ரிப்போர்ட்டோட வாங்க, மேல பேசுவோம்" என்று சீட்டை நீட்டினார். வீடு திரும்பும் வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தாள். வந்தவள் லாயத்துக் குளிர்பெட்டியைத் திறந்து, அங்கே இருந்த பிஷப்பின் ஊசிக் குப்பியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள் என்பதை அவளே பின்னால் என்னிடம் சொன்னாள். சொல்லும்போது தலை குனிந்திருந்தது. நல்லவேளையாகப் பெட்டியைச் சாத்திவிட்டாள்.

செப்டம்பரில் ஒரு விடியற்காலை. தூறல், சூரியன் இன்னும் வரவில்லை. பிஷப்பைப் பூட்டிக்கொண்டு மூன்று சுற்று முடித்து, நாலாவது சுற்றின் கடைசித் திருப்பத்தில் வந்துகொண்டிருந்தாள். அங்கே ஒரு கல்தூண் இருக்கிறது. முப்பது வருஷமாக அதே இடத்தில் இருக்கிற தூண். நெரிடா அதைப் பார்க்கவில்லை. சக்கரம் மோதி வண்டி சாய்ந்து, இவள் புல்லில் போய் விழுந்தாள். வண்டியின் உடைந்த கம்பு பிஷப்பின் முன்னங்காலைக் கிழித்துவிட்டது.

தன் தோள்பட்டை எப்படி வலித்தது என்று அவளுக்கு ஞாபகம் இல்லை. பிஷப் ஓடவில்லை, மூன்று காலில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தான். கோட்டைக் கழற்றிக் காயத்தில் அழுத்திப் பிடித்தாள். அழுத்த அழுத்த இரத்தம் வந்துகொண்டே இருந்தது. முந்தின நாள் மத்தியானம்தான் அவனுக்கு ஊசி போட்டிருந்தது. "என் ராசா, நில்லுடா, நில்லு, என் தப்புடா" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு மண்டி போட்டிருந்தவளை லிண்ட்ஸிதான் கண்டான். கண்ட மாத்திரத்தில் பிப்புக்குப் போன் செய்தான்.

பிப் வந்து கட்டுப் போட்டு, இரத்தம் நின்றதும் தைத்தாள். பதினாலு தையல். எலும்பில் படவில்லை, தசைநார் தப்பித்தது, இரண்டு மாதத்தில் ஓடுவான் என்றாள். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தத் தூணை எப்படிடி பாக்காம விட்ட?"

"தூறலா இருந்துச்சு."

"நானும் அதே தூறல்லதான் வந்தேன். உன் வீட்டு நாய் வேலியோரம் படுத்திருந்தது முதற்கொண்டு தெரிஞ்சுது."

லிண்ட்ஸி வாசலில் நின்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு, "பல்பு மூணு மாத்தினேன்" என்றான்.

அவ்வளவுதான், அணை உடைந்த மாதிரி எல்லாம் வந்துவிட்டது. லாயத்து இருட்டு, மூட்டை எழுத்து, ஆறு வருஷமாகப் போகாத கண் பரிசோதனை, டாக்டர்களுக்குச் சொன்ன பாதி உண்மை, பல் பிடுங்கின கதை எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டினாள். பிப் குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்டு முடித்ததும் சுவரில் ஆணியில் தொங்கிய மருந்துப் பதிவேட்டை எடுத்தாள். பந்தயக் குதிரை வைத்திருக்கிற ஒவ்வொரு லாயத்திலும் அது இருக்கும்; எந்தக் குதிரைக்கு எந்த நாள் எந்த மருந்து எவ்வளவு, யார் கொடுத்தது, எந்தத் தேதிவரை ஓட்டக் கூடாது என்று வரி தவறாமல் எழுத வேண்டும். நெரிடாவின் பதிவேட்டைப் பார்த்துப் பந்தய அதிகாரிகளே கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள், அவ்வளவு சுத்தம். பிப் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பி எழுத ஆரம்பித்தாள். எழுதியதை வாய்விட்டுப் படித்தாள்.

"பேரு, நெரிடா. பொட்டைக் குதிரை. வயசு அறுபத்தொண்ணு. குணம், உதைக்கும்."

"விளையாடாதடி."

"யாரு விளையாடறா? மருந்து, நாளுக்கு மூணு, ஏழு வருஷம். கடைசியா சோதிச்சது ஏழு வருஷம் முன்னாடி. பல்லு புடுங்கினது, டாக்டருக்குச் சொல்லல. ஏன்டி, பிஷப்புக்கு அரத்தால பல்லு ராவணும்னாகூட எத்தனை நாள் முன்னாடி ஊசியை நிறுத்தணும்னு எனக்கு மூணு தடவை போன் போட்டுக் கேப்பியே, நீ என்ன அவனைவிட மட்டமான சரக்கா?"

நெரிடா மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்தப் பக்கத்தை வேற ஒருத்தர் லாயத்துல பாத்திருந்தா என்ன சொல்லுவ? இந்தக் குதிரையை வண்டியில பூட்டுவியா?"

"மாட்டேன்."

"அப்புறம்?"

"அந்த ஆளை செவுட்டுல அறைவேன்."

"நல்லது. நான் அறையல, எனக்குக் கை வலிக்குது" என்று பிப் பதிவேட்டை மறுபடி ஆணியில் மாட்டினாள். அந்தப் பக்கத்தில் கடைசிக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தாள். ஓட்டலாமா கூடாதா என்று எழுதும் கட்டம் அது.

அடுத்த வாரமே ஒன்பது பேர் உட்காரும் குட்டி விமானத்தில் இருவரும் போனார்கள். லிண்ட்ஸி கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் போடும் சட்டையைப் போட்டிருந்தான். எந்த வகைக்காக என்று அவள் கேட்கவில்லை. மெல்போர்னில் கண்ணில் சொட்டு விட்டு, ஒவ்வொரு கண்ணாகப் பெரிய கருவிக்குள் பார்க்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். கண் டாக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி, அவசரமில்லாதவர். ஏழு வருஷம் முந்தின படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திரையில் போட்டார். பழையது சுத்தமான ஆரஞ்சு வட்டம். புதியதில் நடுவைச் சுற்றிச் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள், சேற்றுக் காலோடு கோழி நடந்த மாதிரி.

"இது அந்த மருந்தோட கறைதான். ஆனா நட்டநடு இன்னும் சுத்தமா இருக்கு. பகல் வெளிச்சத்துல உங்க பார்வைக்கு இப்ப பெரிய குறை இல்ல. விடியற இருட்டுலயும் மசங்கல்லயும் வண்டி ஓட்டாதீங்க" என்றார் டாக்டர்.

"என் குதிரைக்கும் இதே மருந்துதான். அவனுக்கு ஒண்ணும் ஆகலையே?"

டாக்டர் சிரிக்கவில்லை, அதற்காகவே நெரிடாவுக்கு அவரைப் பிடித்துவிட்டது. "குதிரைக்கு வருஷத்துக்கு எத்தனை ஊசி?"

"நாலு."

"நீங்க நாளுக்கு மூணு மாத்திரை, ஏழு வருஷம். ஏழாயிரத்தைத் தாண்டிடுச்சு. இது சேரச் சேர ஏறுற ஆபத்து. அதுவும் குதிரை படிக்கறதில்ல, லாரி ஓட்டறதில்ல. கொஞ்சம் மங்கினா அது வந்து உங்ககிட்ட சொல்லுமா?"

நெரிடா கையைப் பிசைந்தாள். "வருஷாவருஷம் வந்திருந்தா?"

"இதைவிடச் சின்னதா இருக்கறப்பவே பிடிச்சிருப்போம். இன்னும் ஒரு வருஷம் கழிச்சு வந்திருந்தா என்னங்கறதையும் சேர்த்துக் கேளுங்க."

அவள் அதைக் கேட்கவில்லை. டாக்டர் அங்கேயே மூத்திரப்பை நிபுணருக்குப் போன் செய்து பேசினார். மாத்திரையை இன்றோடு நிறுத்துவது என்று முடிவாயிற்று. நிறுத்தினாலும் இருக்கிற கறை போகாது, சிலருக்கு அதன் பிறகும் கொஞ்சம் பரவலாம், அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை படம் கட்டாயம். வலிக்கு வேறு வழிகள் இருக்கின்றன: வாரம் ஒருமுறை மெல்லிய குழாய் வழியாகப் பைக்குள் மருந்து விடுவது, படுக்கும்போது ஒரு சிறு மாத்திரை, அடிவயிற்றுத் தசைக்குப் பயிற்சி. அன்று மத்தியானமே நிபுணரைப் பார்த்து, "பழைய அளவுக்குக் கேக்குமா?" என்றாள். "சொல்ல முடியாது. முயற்சி பண்ணுவோம்" என்றார் நிபுணர். பொய் சொல்லாத இரண்டு டாக்டர்களை ஒரே நாளில் பார்த்துவிட்டு அவள் ஊர் திரும்பினாள். மிச்ச மாத்திரைகளை மருந்துக் கடையில் திருப்பிக் கொடுத்தபோது, குழந்தையை ஆஸ்டலில் விடுகிற மாதிரி டப்பாவைக் கையைவிட்டு விடவில்லை. கடைக்காரி மெல்ல வாங்கிக்கொண்டாள்.

அக்டோபர் முழுக்க ஒன்றும் இல்லை. நவம்பரில் கங்கு திரும்பி வந்தது. முதலில் நாளுக்குப் பத்து தடவை, அப்புறம் பதினாலு. வாராவாரம் ஆஸ்பத்திரி நர்ஸ் குழாய் வழியாக மருந்து விட்டாள். விட்ட அன்றும் மறுநாளும் சுகம், அப்புறம் மறுபடி. பழைய நரகம் இல்லைதான். ஆனால் ஏழு வருஷம் சொர்க்கத்தில் இருந்தவளுக்கு அது நரகமாகத்தான் இருந்தது. பிஷப்பின் காயம் ஆறிவிட்டது. அவன் லாயத்துக் கதவை உதைத்துக்கொண்டு நின்றான். நெரிடா சமையலறை ஜன்னலில் உட்கார்ந்து, அவன் உதைப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஏசக்கூட இல்லை. அந்த வீட்டில் ஏச்சு நின்றுவிட்டது என்றதும் தீவில் எங்களுக்கெல்லாம் கவலை பிடித்துக்கொண்டது.

ஒருநாள் பிப் வந்து, "பின்வளைவுவரைக்கும் போயிட்டு வர இருபது நிமிஷம்டி. அதுகூட முடியாதா?" என்றாள்.

"அந்த இருக்கையில குலுங்கினா பத்து நிமிஷத்துல வருது. நடுப் பாதையில குதிரையை நிறுத்திட்டு எங்க போவேன்? சுத்தி ஒரு புதர்கூட இல்ல." குரல் உடைந்தது. "மாத்திரையை விட்டதுக்கு நான் வருத்தப்படல பிப். கண்ணு வேணும். ஆனா கண்ணை வச்சுக்கிட்டு இந்த ஜன்னலையா பாத்துக்கிட்டு இருக்கணும்?"

அடுப்படியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த லிண்ட்ஸி கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனான். அவன் அப்படித்தான், அழுகை வரும் இடத்தில் நிற்கமாட்டான் என்று இருவரும் நினைத்துக்கொண்டார்கள்.

மூன்று நாள் கழித்து, காலை எட்டு மணி இருக்கும். நன்றாக விடிந்திருந்தது, ஆனால் கடலிலிருந்து மேகம் இறங்கி ஊரே சாம்பல் பூத்துக் கிடந்தது. கோழிகள் ஒரே கூச்சல். என்ன ரகளை என்று நெரிடா பட்டிக்குப் போனாள். கோழிகள் வெட்டவெளியில் நின்று, தங்கள் வீடு இருந்த சதுரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தன. தகரக் கூண்டைக் காணோம். தரையில் லாரிச் சக்கரத் தடம்.

தடத்தைப் பார்த்துக்கொண்டே லாயத்துக்குப் பின்னால் வந்தாள். பிஷப் ரேக்ளாவில் பூட்டப்பட்டு நின்றுகொண்டிருந்தான். உடைந்த கம்புக்குப் புதுக் கம்பு, இருக்கையில் இரண்டு அங்குலத்துக்கு ஆட்டு ரோமத்தோல் மெத்தை. கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு லிண்ட்ஸி. அவன் சட்டை, கை, காது மடல் எல்லாம் வெள்ளைப் பெயிண்ட்.

அவன் பாதையின் பின்வளைவு இருக்கும் பக்கமாக மோவாயை நீட்டினான். நெரிடா பார்த்தாள். சாம்பல் வானத்துக்கும் சாம்பல் புல்லுக்கும் நடுவே, கூரையிலிருந்து தரைவரை பால்வெள்ளையாக, கதவு மட்டும் தீயணைப்பு வண்டிச் சிவப்பில், அந்தத் தகரக் கக்கூஸ் நின்றது. பக்கத்தில் குதிரையைக் கட்ட ஒரு முளை. வழியில் அந்தக் கல்தூணுக்கும் வெள்ளை அடித்திருந்தது.

"தெரியுதா?" என்றான் லிண்ட்ஸி.

அந்த விபத்துவரை மாதக்கணக்கில் யார் என்ன கேட்டாலும் தெரிகிறது, தெரிகிறது என்று பொய் சொல்லிக்கொண்டிருந்த வாய்.

"தெரியுதுடா" என்றாள். "இங்கேருந்தே தெரியுது. என்ன கர்மம் புடிச்ச சிவப்பு அது!"

ஏச்சைக் கேட்டதும் லிண்ட்ஸி முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினான். நெரிடா லாயத்துக்குள் போய், கதவருகே நின்று கண் பழகக் காத்திருந்து, பதிவேட்டை ஆணியிலிருந்து எடுத்தாள். பிப் காலியாக விட்டிருந்த கட்டத்தில் எழுதினாள்: 'பகலில் மட்டும். ஓட்டலாம்.' பிறகு வெளியே வந்து, ஒரு தடவை போய்விட்டு வந்து, வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.